விடிந்தால் பட்டியல் மாறும்: மந்திரத் தேர்வைக் கணக்கில் வைத்துச் சவால் அமைப்பது எப்படி

பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை ஆட்டத்துக்காகப் பாலைவனப் பயணம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறீர்கள். ஐந்து நாள் நடை, வற்றிய கிணறுகள், தோல்பையில் குறைந்துகொண்டே வரும் தண்ணீர் என்று எல்லாம் தயார். முதல் இரவு கூடாரம் போட்டதும் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடுபவர், "நாளைக் காலையில் தண்ணீர் உண்டாக்கும் கிரியேட் ஆர் டெஸ்ட்ராய் வாட்டர் மந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். ஐந்து நாள் தாகம் அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோகிறது.

இதில் ஆட்டக்காரர் மேல் குற்றமில்லை. மந்திரத்தின் மேலும் இல்லை. பிரச்சினை என்னவென்று முதல் நாளே சொல்லிவிட்டு, பதிலைத் தேட ஓர் இரவு முழுவதையும் கொடுத்த அமைப்பில்தான் ஓட்டை. தினமும் தன் மந்திரப் பட்டியலை மாற்றக்கூடிய பாத்திரம் மேசையில் இருந்தால், சவாலின் கடினத்தைத் தீர்மானிப்பது அரக்கனின் பலமோ பூட்டின் தரமோ மட்டும் இல்லை. பிரச்சினை தெரியவரும் நேரத்துக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர், சுருக்கமாக டிஎம்) அந்த இடைவெளியை எப்படிக் கையாள்வது என்பதற்கான வழிகாட்டி இது. கணக்கெல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் 2014 விதிகளின்படி. 2024 திருத்தம் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

யார், எப்போது, எதிலிருந்து மாற்றலாம்

மந்திரம் போடுகிற எல்லா வகுப்பையும் (பாத்திர வகையையும்) ஒரே தட்டில் வைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. கிளெரிக் (பூசாரி), ட்ரூயிட், பாலடின் (புனித வீரர்) மூவரும் லாங் ரெஸ்ட் (8 மணி நேர ஓய்வு) முடிந்ததும் தங்கள் வகுப்பின் மொத்தப் பட்டியலிலிருந்து புதிதாகத் தேர்ந்தெடுக்கலாம். 5ஆம் லெவல் (பாத்திரத்தின் வளர்ச்சிப் படி) கிளெரிக்கின் விஸ்டம் (ஞான மதிப்பெண்) 18 என்றால், ஒரு நாளைக்குத் தயாராக வைக்கக்கூடியவை 9 மந்திரங்கள். அதற்கு மேல், எப்போதும் தயாராக இருக்கும் டொமைன் (அவர் தெய்வத்தின் துறை) மந்திரங்கள் 6. அந்த 9 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: 1 முதல் 3ஆம் நிலை (மந்திரத்தின் வலிமைப் படி) வரை அடிப்படை விதிநூலில் மட்டும் கிளெரிக்குக்கு 50க்கு மேல் மந்திரங்கள் உண்டு. அதாவது நீங்கள் வைக்கும் சவாலுக்கான சாவி பெரும்பாலும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இன்று பையில் எடுத்து வந்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

விசார்டும் தினமும் மாற்றலாம். ஆனால் அவர் அலமாரி அவருடைய மந்திரப் புத்தகம் மட்டும்தான். 1ஆம் லெவலில் 6, பிறகு லெவலுக்கு 2 வீதம் 5ஆம் லெவலில் 14. அதற்கு மேல் சேர்ப்பது நீங்கள் கொடுக்கும் சுருள்களைப் பொறுத்தது. சுருளிலிருந்து படியெடுக்க மந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் 2 மணி நேரமும் 50 பொன்னும் ஆகும். 3ஆம் நிலை மந்திரம் என்றால் 6 மணி நேரம், 150 பொன். புதையலில் ஒரு சுருள் வைக்கிறீர்கள் என்றால், அதற்குப் பின் எழுதப்போகும் எல்லா சாகசத்துக்கும் ஒரு சாவி கொடுத்துவிட்டீர்கள். யோசித்து வையுங்கள்.

சோர்சரர் (பிறவி மந்திரவாதி), பார்ட், வார்லாக், ரேஞ்சர் நால்வரும் லெவல் ஏறும்போது ஒரே ஒரு மந்திரத்தை மாற்றலாம், அவ்வளவுதான். 5ஆம் லெவல் சோர்சரருக்குத் தெரிந்தவை 6. இவர்கள் விஷயத்தில் ஓர் இரவு கொடுத்தாலும் பத்து இரவு கொடுத்தாலும் ஒன்றுதான்.

பழைய பதிப்புகளிலிருந்து சாகசம் எடுத்து நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. 2000இல் வந்த 3ஆம் பதிப்பில் கிளெரிக்கோ விசார்டோ தயாரிக்கும் ஒவ்வொரு மந்திரமும் ஒரு ஸ்லாட்டோடு (ஒரு நாளில் ஒருமுறை மந்திரம் போடுவதற்கான இடம்) கட்டப்பட்டிருந்தது. இரண்டு முறை போட வேண்டுமானால் இரண்டு முறை தயாரிக்க வேண்டும். விசார்ட் காலையில் தவறாக ஊகித்தால் அந்த ஸ்லாட் அன்று முழுக்க முடங்கிக் கிடக்கும். இன்று தயாரிப்பு வேறு, ஸ்லாட் வேறு. அரிதாகத் தேவைப்படும் மந்திரத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, தேவைப்படாவிட்டால் அதே ஸ்லாட்டில் ஸ்பிரிச்சுவல் வெப்பன் என்ற சண்டை மந்திரத்தைப் போடலாம். தவறான ஊகத்தின் விலை இவ்வளவு சரிந்துவிட்டதால், அந்தக் காலத்துச் சாகசங்களில் வரும் "இதற்கான மந்திரத்தை யார் எடுத்து வந்திருப்பார்கள்" வகைத் தடைகள் இன்று பாதி கனம்கூட இல்லாமல் நிற்கின்றன.

முதல் வேலை: ஒரு பக்கத் தணிக்கை

சாகசம் எழுதுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியில், சென்ற அமர்வின் முடிவில் ஒவ்வொருவரும் தயாராக வைத்திருந்தவை. இரண்டாவதில், ஒரு லாங் ரெஸ்ட் கிடைத்தால் அவர்கள் எடுக்கக்கூடியவை. மூன்றாவதில், ஸ்லாட்டே செலவாகாமல், கூடுதல் நேரம் எடுத்து ரிச்சுவலாகச் (சடங்காகச்) செய்யக்கூடியவை.

இரண்டாம் பத்தியை முழுப் பட்டியலாக எழுத உட்கார்ந்தால் விடிந்துவிடும். சண்டைக்கான மந்திரங்களை அதில் சேர்க்காதீர்கள்; அவை சவாலைச் சுலபமாக்கும், ஆனால் இல்லாமல் செய்துவிடாது. பிரச்சினையையே அழித்துவிடும் மந்திரங்களை மட்டும் எழுதுங்கள்: பசி, தாகம், உயரம், நீர், நோய், பூட்டு, பொய், மொழி, இறந்தவரின் மௌனம். 5ஆம் லெவல் கட்சிக்கு (ஒன்றாகப் போகும் பாத்திரங்களின் குழுவுக்கு) இது பொதுவாக 15 வரிக்குள் அடங்கும்.

மூன்றாம் பத்தியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விசார்ட் ரிச்சுவல் மந்திரத்தைத் தயாரித்திருக்க வேண்டியதில்லை, புத்தகத்தில் இருந்தாலே போதும். 10 நிமிடம் கூடுதலாக ஆகும். கிளெரிக்கும் ட்ரூயிடும் அன்று தயாரித்திருந்தால்தான் ரிச்சுவல் செய்ய முடியும். சோர்சரருக்கு அந்த மந்திரம் தெரிந்திருந்தாலும் 2014 விதிகளில் ரிச்சுவல் கிடையாது. 2024 திருத்தத்தில் தயாராக வைத்திருக்கும் எவரும் ரிச்சுவலாகச் செய்யலாம்.

செய்தி எப்போது போய்ச் சேர வேண்டும்

இப்போது ஒவ்வொரு தடையையும் எடுத்து, அதைப் பற்றிய செய்தி ஆட்டக்காரர்களுக்கு எந்த நேரத்தில் எட்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்று நிலைமைகள்தான்.

தடை தெரியவந்த அந்த நிமிடமே தீர்க்க வேண்டும் என்றால், முதல் பத்தி மட்டும் செல்லுபடி. உடையும் பாலம், அறைக்குள் ஏறும் தண்ணீர் எல்லாம் இந்த வகை. இங்கே கிளெரிக்கும் சோர்சரரும் சமம். இந்த வகைத் தடைக்கு மந்திரம் இல்லாமலும் ஒரு வழி கட்டாயம் இருக்க வேண்டும். ஏனென்றால் சரியான மந்திரம் கையில் இருப்பது அன்றைய அதிர்ஷ்டம்.

ஓர் இரவுக்கு முன் தெரியும் என்றால், இரண்டாம் பத்தி திறந்துவிடுகிறது. அந்த மந்திரம் வரும் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். "எடுக்க மாட்டார்கள்" என்று நம்பி எழுதினால் ஏமாறுவது நீங்கள்தான்.

வாரக்கணக்கில் முன்பே தெரியும் என்றால், சுருள் வாங்குவது, படியெடுப்பது, துணைக்கு ஆள் அமர்த்துவது எல்லாம் நடக்கும். அந்தத் தடையை இனித் தடையாக எண்ணாதீர்கள், கதவாக எண்ணுங்கள். சவால் அதற்கு அப்பால் இருக்கட்டும்.

சுவையான ஆட்டம் விளைவது முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள இடத்தில்: செய்தி தெரிந்துவிட்டது, விடியல் வரை காத்திருக்கலாம், ஆனால் காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. இதற்கு ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம்.

பிணம் பேசும் சாகசம்

ஊர்த் தலைவர் இறந்து கிடக்கிறார். கொலை. கட்சியில் 5ஆம் லெவல் கிளெரிக் இருக்கிறார். 3ஆம் நிலை ஸ்லாட் இரண்டு. ஸ்பீக் வித் டெட் இன்று அவர் பட்டியலில் இல்லை, நாளை இருக்கலாம்.

அந்த மந்திரம் உண்மையில் என்ன தருகிறது என்பதை விதிநூலில் வரி வரியாகப் படியுங்கள். ஐந்து கேள்விகள், பத்து நிமிடங்கள். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். அது நடைப்பிணமாக மாறியிருக்கக் கூடாது. கடந்த 10 நாளில் அதே பிணத்தின் மேல் இந்த மந்திரம் போட்டிருந்தால் பலிக்காது. உயிரோடிருந்தபோது தெரிந்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். பதில்கள் சுருக்கமாகவோ புதிராகவோ வரலாம். கேட்பவரைப் பகையாகக் கருதினால் உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

சோம்பேறித்தனமான தீர்வு, கொலைகாரன் தலையை வெட்டி எடுத்துப் போய்விட்டான் என்று எழுதுவது. ஒருமுறை செய்தால் கொலைகாரன் புத்திசாலி என்று ஆகும். இரண்டாவது முறை செய்தால், டிஎம் தங்கள் மந்திரத்தை முடக்குகிறார் என்று மேசைக்குப் புரிந்துவிடும்.

அதற்குப் பதிலாக இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒன்று, இறந்தவருக்கு விடை தெரியாமல், விடைக்குப் போகும் வழி மட்டும் தெரியும்படி கொலையை அமையுங்கள். அவர் நஞ்சு குடித்துத் தூக்கத்தில் இறந்தார். யார் கலந்தார்கள் என்று தெரியாது. ஆனால் அன்று இரவு யாரோடு சாப்பிட்டார், எந்தக் கடன் பத்திரத்தை யாரிடம் காட்டினார், ஊற்றிக் கொடுத்த கோப்பை யாருடையது என்பதெல்லாம் தெரியும். ஐந்து கேள்விக்கு ஐந்து உருப்படியான பதில்களை முன்பே எழுதி வையுங்கள். புதிராகப் பேசும் பிணத்துக்கு மேசையில் உட்கார்ந்து வசனம் கண்டுபிடிப்பது கடினம். ஆட்டக்காரர்கள் "உன்னைக் கொன்றது யார்" என்பதில் முதல் கேள்வியைச் செலவழிப்பார்கள். "கோப்பை" என்று பிணம் சொல்லட்டும்.

இரண்டு, விடியலுக்கு விலை வையுங்கள். குடும்ப வழக்கப்படி சூரியன் உதிக்கும்போது உடலை எரித்துவிடுவார்கள். கிளெரிக்குக்கு லாங் ரெஸ்ட் 8 மணி நேரம் வேண்டும். பிறகு தயாரிப்பு நேரம், மந்திரம் ஒன்றுக்கு அதன் ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது 1 நிமிடம். இரவு 10 மணிக்கு மேல் அவர் விழித்திருந்தால் விடியலுக்குள் வேலை முடியாது. அவர் தூங்கப்போனால் இரவு விசாரணைக்கு ஒரு ஆள் குறைவு. மற்றவர்கள் விதவையிடம் பேசி எரிப்பைத் தள்ளிப்போட வைக்கலாம். பிணக் கொட்டகையைக் காவல் காக்கலாம். கொலைகாரன் பிணத்தைத் தேடி வரவும் கூடும். ஒரு மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்வி ஓர் இரவு முழுக்க ஆட்டமாக விரிந்துவிடுகிறது. மந்திரம் இல்லாமலேயே கோப்பையைக் கண்டுபிடிக்க சமையலறையிலும் ஒரு தடயம் வைத்துவிடுங்கள், கிளெரிக் அன்று ஆட்டத்துக்கே வரவில்லை என்றால் உதவும்.

பாலைவனக் கணக்கு

மீண்டும் ட்ரூயிடிடம் வருவோம். மந்திரத்தைத் தடுப்பதைவிட, அதன் கணக்கைக் கடைசிப் பைசா வரை போட்டுப் பார்ப்பது மேல். போட்டுப் பார்த்தால் சவால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

நான்கு பேர், இரண்டு ஒட்டகம், 3ஆம் லெவல். வெப்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கேலன் தண்ணீர், ஆக 8 கேலன். பெரிய உருவமுள்ள விலங்குக்கு 4 கேலன் என்று கொண்டால் ஒட்டகங்களுக்கு இன்னொரு 8. மொத்தம் 16 கேலன். கிரியேட் வாட்டர் 1ஆம் நிலையில் 10 கேலன், ஒவ்வொரு மேல் நிலைக்கும் இன்னொரு 10. ஆகவே 1ஆம் நிலை ஸ்லாட் இரண்டு, அல்லது 2ஆம் நிலை ஸ்லாட் ஒன்று. சாப்பாட்டுக்கு குட்பெரி: ஒரு 1ஆம் நிலை ஸ்லாட்டில் 10 பழம், ஒரு பழம் ஓர் உயிருக்கு ஒரு நாள் ஊட்டம், 24 மணி நேரம் கெடாது. ஒட்டகத்துக்கும் ஒரு பழம் போதும் என்பது விதி. ஒட்டகம் ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கதை.

3ஆம் லெவல் ட்ரூயிடிடம் இருப்பது 1ஆம் நிலை ஸ்லாட் 4, 2ஆம் நிலை ஸ்லாட் 2. தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் மூன்று 1ஆம் நிலை ஸ்லாட் போனால் பாதி காலி. விஸ்டம் 16 என்றால் அவர் தயாரிக்கக்கூடிய 6 மந்திரங்களில் இரண்டு இடமும் போயிற்று. பகலில் இரண்டு சண்டை வைத்தால் இந்தச் செலவு உறைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு; அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அதை உடனே கண்டுபிடிப்பார்கள். சண்டையில்லாத நாளில், தூங்கப் போகுமுன் மிச்சமிருக்கும் ஸ்லாட்டில் பழமும் தண்ணீரும் செய்து வைத்துவிட்டுப் படுத்தால், காலையில் ஸ்லாட் எல்லாம் நிரம்பிவிடும். செலவு பூஜ்யம். ஐந்து நாளில் இரண்டே நாள் சண்டை என்றால் மூன்று நாள் இலவசம். அதனால் பயணச் சண்டையைக் காலையிலோ நண்பகலிலோ வைக்காதீர்கள். சாயங்காலம் கூடாரம் போடும் நேரத்தில் வையுங்கள். அல்லது இரவில், மிச்ச ஸ்லாட்டையெல்லாம் பழமாக்கிவிட்ட பிறகு. எந்த நேரத்தில் பழம் செய்கிறீர்கள் என்று ட்ரூயிடிடம் முதல் நாளே கேட்டு, அதைப் பயண வழக்கமாகக் குறித்துக்கொண்டால், பிறகு வாக்குவாதம் வராது.

உண்மையான சவால் இன்னும் சாதாரணமான ஒரு பொருளில் இருக்கிறது: பாத்திரம். மந்திரம் தண்ணீரைத் திறந்த கலத்தில் உண்டாக்குகிறது. தோல்பை ஒன்றில் பிடிப்பது 4 பைண்ட், அதாவது அரை கேலன். 16 கேலனுக்கு 32 தோல்பை. நிறைத்தால் பை ஒன்று 5 பவுண்டு, மொத்தம் 160 பவுண்டு. வாளியில் 3 கேலன். பீப்பாய் 40 கேலன் பிடிக்கும், ஆனால் வெறும் பீப்பாயே 70 பவுண்டு. ஒட்டகம் 480 பவுண்டு சுமக்கும் என்பதால் பாதி நிறைத்த பீப்பாய் ஒன்றைத் தாங்கும். அப்படியானால் கட்சியின் உயிர் இப்போது ட்ரூயிடின் ஸ்லாட்டில் இல்லை, ஒட்டகத்தின் முதுகில் இருக்கிற மரப் பீப்பாயில் இருக்கிறது. கொள்ளைக்காரர்கள் எதைக் குறிவைப்பார்கள்?

பீப்பாய் உடைந்தால் 10 கேலன் மந்திரத்தில் 3 கேலன்தான் வாளியில் நிற்கும். அந்த மந்திரத்தை 30 அடிக் கன சதுரத்தில் மழையாகவும் பொழியவைக்கலாம். கூடாரத் துணியை விரித்துப் பிடிக்கிறோம் என்று ஆட்டக்காரர்கள் சொன்னால் தாராளமாக அனுமதியுங்கள். சர்வைவல் சோதனை ஒன்று வைத்து, எத்தனை கேலன் தேறியது என்று முடிவு செய்யலாம். வேண்டியதில் பாதி மட்டும் குடித்தவர் நாள் முடிவில் டிசி (பகடையில் எட்ட வேண்டிய எண்) 15 கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி) சோதனையில் தேற வேண்டும்; தவறினால் ஒரு படி களைப்பு. பாதிக்கும் குறைவு என்றால் சோதனையே இல்லை, நேராகக் களைப்புதான். இப்போது தாகம் மறுபடியும் பயமுறுத்துகிறது, ட்ரூயிடின் தேர்வும் வீணாகவில்லை. அந்த மந்திரம் இல்லாவிட்டால் செத்தே போயிருப்பார்கள்.

ரிச்சுவல் இருந்தால் தடையை இடம் மாற்றுங்கள்

நீரில் மூழ்கிய கோயில். விசார்ட் புத்தகத்தில் வாட்டர் பிரீதிங் இருந்தால் மூச்சு ஒரு பிரச்சினையே இல்லை: ரிச்சுவல், 10 உயிர்கள், 24 மணி நேரம், ஸ்லாட் செலவு சுழியம். இதை எதிர்த்து மல்லுக்கட்டுவதில் பயனில்லை. மூச்சை விட்டுவிட்டு, தண்ணீர் தரும் மற்ற தொல்லைகளை எடுங்கள். நீச்சல் வேகம் இல்லாதவர் கைச்சண்டையில் கத்தி, ஈட்டி, எறியீட்டி, குறுவாள், திரிசூலம் தவிர வேறு ஆயுதத்தால் தாக்கினால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுப்பது). வில் அதன் சாதாரணத் தூரத்துக்கு அப்பால் பாயவே பாயாது. முழுக்க மூழ்கியவருக்கு நெருப்புச் சேதம் பாதி. நீந்தும் ஒவ்வொரு அடிக்கும் இன்னொரு அடி கூடச் செலவு. பெரிய வாள் வீரரும் நெருப்புச் சோர்சரரும் திணறுவார்கள், ஈட்டிக்காரர் திடீரென்று கதாநாயகன் ஆவார். மூழ்கிய கோயிலிலிருந்து 300 பவுண்டு கற்சிலையை மேலே கொண்டுவருவதும் மூச்சு மந்திரத்தால் தீராது. பொதுவாகவே, போவதைத் தீர்க்கும் மந்திரம் திரும்புவதைத் தீர்ப்பதில்லை. பறக்கவைக்கும் ஃபிளை 10 நிமிடம்தான், ஒருவருக்குத்தான்.

ஓய்வே உண்மையான பூட்டு

பட்டியல் மாறுவது லாங் ரெஸ்ட்டில் என்றால், எங்கே எப்போது ஓய்வு கிடைக்கும் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் முக்கியமான பிடி. பாதுகாப்பான கூடாரம் உண்டாக்கும் லியோமண்ட்ஸ் டைனி ஹட் மந்திரம் வந்ததும் இந்தப் பிடி தளரும்: ரிச்சுவலாக 11 நிமிடத்தில் 8 மணி நேரக் கூடாரம், மந்திரம் போட்டவரோடு இன்னும் 9 பேர். குகையின் நடுக்கூடத்திலேயே படுத்து எழுந்து புதுப் பட்டியலோடு வருவார்கள்.

இரவெல்லாம் அரக்கர்களை ஏவிக் கூடாரத்தை உடைப்பது சலிப்பூட்டும். பகைவர்களுக்கும் 8 மணி நேரம் கிடைத்திருக்கிறது என்பதை நினைவில் வைத்தால் போதும். கதவுகளை அடைத்திருப்பார்கள், கைதிகளை இடம் மாற்றியிருப்பார்கள், கூடாரத்தைச் சுற்றிக் குழி வெட்டியிருப்பார்கள். சாகசம் தொடங்குமுன்பே, ஓர் இரவு கழிந்தால் என்ன மாறும், இரண்டு இரவு கழிந்தால் என்ன மாறும் என்று இரண்டே வரி எழுதி வையுங்கள்.

24 மணி நேரத்தில் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு மேல் பலன் தராது என்ற விதியையும் விட்டுவிடாதீர்கள். காலை 10 மணிக்கு முதல் சண்டை முடிந்ததும் படுத்துக்கொள்ளப் பார்ப்பவர்களுக்கு இதுவே பதில். 2024 விதிகளில் ஒரு லாங் ரெஸ்ட் முடிந்து 16 மணி நேரம் கழித்துத்தான் அடுத்ததைத் தொடங்கலாம்.

வழக்கமாக ஒரு மணி நேரமான ஷார்ட் ரெஸ்ட் 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் 7 நாள் என்று வைக்கும் மாற்று விதி 2014 டிஎம் நூலிலேயே இருக்கிறது. பட்டியல் வாரத்துக்கு ஒருமுறைதான் மாறும் என்பதால் தேர்வுக்குக் கனம் கூடும். பக்க விளைவு: 8 மணி நேரம் நீடிக்கும் மேஜ் ஆர்மர் போன்ற காப்பு மந்திரங்கள் ஓய்விலிருந்து ஓய்வு வரையான காலத்தில் ஒரு சிறு துண்டைத்தான் மூடும். முழுத் தொடருக்கும் வைப்பதைவிட, நீண்ட காட்டுப் பயணங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. அதையும் பயணம் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் ஏமாற்றுவேலை.

சோர்சரர் மேசையில் இருந்தால்

கட்சியில் கிளெரிக்கும் சோர்சரரும் சேர்ந்திருக்கும்போது, எல்லாத் தடைக்கும் ஓர் இரவு கொடுக்கும் டிஎம், தெரியாமலேயே கிளெரிக்குக்கு மட்டும் சாகசம் எழுதுகிறார். சோர்சரரின் 6 மந்திரங்களும் உங்களுக்குத் தெரியும். அவை அடுத்த லெவல் வரை பெரிதாக மாறாது. ஆகவே அவருக்கான இடத்தைத் துல்லியமாக அமைக்கலாம். ஸ்பைடர் கிளைம்ப் வைத்திருப்பவருக்கு இரண்டு அமர்வுக்கு ஒருமுறையாவது ஏறுவதற்கு ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர், முன்னறிவிப்பில்லாமல் எதிரில் வந்து நிற்க வேண்டும். முந்தைய நாளே தெரிந்தால், புத்தகத்தில் அது இருக்கும் விசார்ட் அதே மந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

2024 திருத்தத்தில் எல்லா வகுப்புக்கும் "தயாரித்த மந்திரம்" என்ற ஒரே பெயர் வந்துவிட்டதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மாற்றும் வேகம் இன்னும் வேறு வேறுதான்: கிளெரிக், ட்ரூயிட், விசார்ட் ஒவ்வொரு லாங் ரெஸ்ட்டிலும் எத்தனை வேண்டுமானாலும், பாலடின், ரேஞ்சர் ஒன்று மட்டும், பார்ட், சோர்சரர், வார்லாக் லெவல் ஏறும்போது ஒன்று. விசார்டுக்கு 5ஆம் லெவலில் ஷார்ட் ரெஸ்ட் முடிந்ததும் ஒரு மந்திரத்தை மாற்றும் வசதி புதிதாக வந்திருக்கிறது. இவருக்கு விடியல் வரை காத்திருக்க வேண்டியதில்லை; ஒரு மணி நேரம் கொடுத்தாலே ஒரு சாவி வந்துவிடும் என்று தணிக்கைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதே வகையான இன்னோர் ஆட்டமான பாத்ஃபைண்டரின் 2ஆம் பதிப்பில் ஸ்பெல் சப்ஸ்டிட்யூஷன் தீசிஸ் என்ற சிறப்புத் திறனை எடுத்த விசார்டுக்கு அது 10 நிமிடம். அந்த மேசையில் "ஓர் இரவு" என்ற அளவுகோலே செல்லாது. அங்கே செய்தி தெரிந்த பின் பத்து நிமிடம் சும்மா இருக்க விடுகிறீர்களா என்பதுதான் கேள்வி.

எங்கே கெட்டுப்போகும்

சாகசம் முழுக்க மந்திரம் செல்லாத மண்டலமாக அறிவிப்பது பழைய நோய். ஓர் அறைக்குச் சரி. கோட்டை முழுவதற்கும் என்றால், மேசையில் பாதிப் பேர் பகடையைக் கீழே வைத்துவிட்டுப் போனைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

அதற்கு நேர்மாறான தவறு, ஒரே ஒரு மந்திரம் இருந்தால் மட்டுமே கடக்கக்கூடிய தடை. கண் குருடாக்கும் நோய், மருந்து லெஸ்ஸர் ரெஸ்டொரேஷன் மட்டும் என்றால், கிளெரிக் எடுத்து வரவில்லையென்றால் அமர்வு அங்கேயே நின்றுவிடும். எடுத்து வந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டுமே ஆட்டம் இல்லை.

ஸ்லாட் கணக்கைத் தவறாகப் போடுவதும் நடக்கும். விசார்டின் ஆர்கேன் ரெகவரி நாளுக்கு ஒருமுறை ஷார்ட் ரெஸ்ட்டில் லெவலில் பாதியளவு (பின்னம் வந்தால் அடுத்த முழு எண்) நிலைகளுக்கான ஸ்லாட்டைத் திருப்பித் தரும். 5ஆம் லெவலில் மூன்று நிலை, அதாவது ஃபிளைக்குச் செலவான ஸ்லாட் அப்படியே திரும்பிவிடும். மலை இடுக்கைத் தாண்ட ஒரு ஃபிளை போகட்டும் என்று நினைத்து எழுதியிருந்தால், அந்த இடுக்குக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, மேசையின் நேரம். பட்டியல் மாற்றும் சுதந்திரம் ஒவ்வொரு ஆட்டக் காலையிலும் இருபது நிமிடத்தைத் தின்னும். மற்றவர்கள் தேநீர் குடித்து முடித்தும் ட்ரூயிட் பக்கம் புரட்டிக்கொண்டிருப்பார். பட்டியல் மாற்றும் ஒவ்வொருவரையும் மூன்று அட்டை எழுதி வரச் சொல்லுங்கள்: ஊருக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, குகைக்கு ஒன்று. காலையில் ஓர் அட்டையைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு மந்திரம் வரை மாற்றலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிக்கவில்லையென்றால் நேற்றைய அட்டையே இன்றைக்கும்.